ஐந்தாவது குருவி

கான்சாபுரத்தில் நின்று மேற்கே நோக்கினால் மலை சுவர்போல் எழுந்து நிற்கும். சாம்பல்நிற அணிலுக்கென்று அம்மலையில் 1988இல் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. அரிய உயிர்களுக்கு எல்லை வகுத்துக் காவலும் வைத்தாயிற்று, நன்று. ஆனால் மலையடியில், பிளவக்கல் அணைநீர் பாயும் பகுதியின் கண்மாய்க் கோரைகளில் ஒளிந்து வாழும் கானாங்கோழியை நாம் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்?

முகமும் மார்பும் வெண்மை, முதுகு கருஞ்சாம்பல், வாலடியில் துருச்சிவப்பு. ஆளரவம் கேட்டால் பறப்பதைவிட ஓடி ஒளிவதையே விரும்பும். மழைக்காலத்தில் மட்டும் அந்தக் கூச்சத்தை மறந்து இரவிலும் கத்தித் தீர்க்கும். வடநாட்டு வயல்களில் ஆளுயரம் நிற்கும் சாரசப் பறவையும் இதுவும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்பர் பறவை நூலார். சாரசத்தைக் காணத் தொலைதூரத்திலிருந்து வருகிறார்கள். கானாங்கோழிக்கோ கண்ணி வைக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதையும் தடுக்கிறது. "கண்மாய்க்குக் கண்மாய் கிடக்கிற கோழிதானே, ஒன்று குறைந்தால் என்ன?" என்பது நம் வாதம்.

அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. இந்த இனம் அழிவின் விளிம்பில் இல்லை என்பது மெய்யே. அருமை ஒன்றே அளவுகோல் என்றால் வாதம் வென்றுவிடும். ஆனால் எண்ணிக்கை மிகுந்ததை மலிவாக எண்ணும் பழக்கம் பறவையோடு நிற்பதில்லை. களத்துமேட்டில் வேலைக்குக் காத்து நிற்கும் கூலியாட்களையும் நாம் அவ்வாறுதானே எண்ணுகிறோம்?

மத்தேயு நற்செய்தியில் காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டுப் பார்த்தால் விலை நான்குக்குத்தான், ஐந்தாவது கொசுறு. விலையே இல்லாத அந்த ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் இயேசு. அவர் அவ்விற்பனையைக் கண்டிக்கவில்லை. மனிதர் குருவிகளினும் மேலானவர் என்றும் சொன்னார். இவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் உயிரின் மதிப்பைச் சந்தை தீர்மானிப்பதில்லை என்பது அங்கே தெளிவு. படைப்புகள் நம் பயனுக்கு அப்பாலும் தம்மளவில் மதிப்புடையவை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலும் அதையே விரித்துரைக்கிறது.

பசிக்குக் கண்ணி வைப்பவரை நியாயந்தீர்க்க நாம் வரவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்பும் வழியில், ருசிக்காக விலை கேட்கிற நம்மைப் பற்றியே பேசுகிறோம். கால்கள் கட்டுண்டு தலைகீழாய்த் தொங்கும் பறவைகளைக் காட்டி, "நாலு எடுத்துக்கிறோம், ஒண்ணு சேர்த்துப் போடுப்பா" என்கிறோம். அந்தப் பழைய சந்தையிலும் பேரம் இப்படித்தான் நடந்திருக்கும்.