துன்பத்தைப் படம் பிடிப்பது அறமா?

ஏழையின் துன்பத்தைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டுவோன் அவனுக்குத் துணை செய்கின்றானா, அன்றி அத்துன்பத்தைக் கொண்டு தனக்குப் பெயர் தேடுகின்றானா? இவ்வினா தோட்ட மக்களாகிய நமக்கு மிகவும் உரியது. பாடாங் மேஹாவிலாயினும் பீடோங்கிலாயினும், நெடுங்காலம் நம் வாழ்வைக் கணக்கில் எழுதியோர் துரைமார், எழுதப்பட்டோர் நாம்.

இந்தியாவில் ஆனந்த் பட்வர்தன் என்னும் ஆவணப் படக்காரர் உளர். 1950-இல் பிறந்த அவர், 1975-இல் பீகார் மக்கள் கிளர்ச்சியைக் காட்டும் படத்தை வெளியிட்டது தொட்டுச் சமூகக் கேடுகளையே பொருளாகக் கொண்டவர். 1985-இல் அவர் தந்த ‘பம்பாய் நமது நகரம்’ என்னும் படம், நகரைக் கட்டிய கூலி மக்களின் குடிசைகளை அந்நகரமே இடித்துத் தள்ளிய கொடுமையைக் காட்டுகின்றது. அதில் வீடிழந்த பெண்ணொருத்தி அவரையே நோக்கி, எங்களைப் படமெடுப்பதால் என்ன பயன் எனச் சினந்து கேட்கின்றாள். அவர் அதை வெட்டி எறியவில்லை. தம்மைச் சுடும் சொல்லையும் படத்திலேயே வைத்தார்.

அப்படத்தில் பாடியவர் விலாஸ் கோக்ரே என்னும் தலித் கவிஞர். 1997 ஜூலை 11-இல் பம்பாய் இரமாபாய் நகரில், அம்பேத்கர் சிலைக்கு நேர்ந்த அவமதிப்பை எதிர்த்த மக்கள்மீது போலீசார் சுட, பத்துப் பேர் மாண்டனர். துயரந் தாளாது கோக்ரே தம்முயிரை மாய்த்துக் கொண்டார். பட்வர்தன் அத்துயரின் வேரைத் தேடிப் பதினான்கு ஆண்டுகள் உழைத்து, 2011-இல் ‘ஜெய் பீம் காம்ரேட்’ என்னும் படத்தை முடித்தார். தலித் மக்கள் வாழும் பகுதிகளிலேயே அதைத் திரையிட்டார். அரசாங்கத் தொலைக்காட்சி அவர் படங்களை மறுத்தபோது நீதிமன்றமேறி வென்றார்.

படம் இடிந்த குடிசையைக் கட்டித் தாராது, உண்மையே. ஆயினும், பெயர் தேடுவோனுக்கும் தொண்டனுக்கும் வேறுபாடு உண்டன்றோ? முன்னவன் அழுகையை எடுத்துக்கொண்டு அகல்வான். பின்னவன் அழுதவரின் கேள்விக்கும் செவி கொடுப்பான். காலம் பல சென்றும் திரும்பி வருவான். எடுத்ததை முதலில் அவர்க்கே காட்டுவான்.

வறுமையை வெளியில் காட்டுதல் மானக்கேடு என்பர் சிலர். மானக்கேடு யாருக்கு? வறுமையில் வாழ்ந்தோர்க்கா, வாழ வைத்தோர்க்கா? மறைப்பதால் நன்மை பெறுவோர் வலியோரே. நம் நாட்டிலும் அமீர் முகம்மது எடுத்த ‘இறுதிக் கம்யூனிஸ்ட்’ என்னும் படம் 2006-இல் தடை செய்யப்பட்டதை நாம் அறிவோம்.

கள்ளுக்கடையை எதிர்த்து ஹார்வார்ட் தோட்டத்தில் தொண்டர் படை எழுந்தது 1946-இல். அதைக் கண்ணாரக் கண்டோர் இன்று மிகச் சிலரே. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கின்றது. லயங்கள் பல மறைந்தன. இன்றோ ஒவ்வோர் இளைஞர் கையிலும் படமெடுக்கும் கைப்பேசி உளது. தோழர்களே! அதைத் தம் முகத்துக்கே திருப்பிக் கொண்டிராது, பாட்டன் பாட்டியர் பக்கம் திருப்புக. ஆனால் முதலில் அவர்தம் இசைவைக் கேளுங்கள். அவர் சினந்து பேசினால் அச்சினத்தையும் வெட்டாது வையுங்கள். பிறர் நம்மை எழுதிய காலம் போதும்.