விமானியின் கடன் எதுவரை?

அரசு செலவில் போர் விமானம் ஓட்டக் கற்றவர், பறக்கும் வயது இருக்கும்போதே சீருடையைக் கழற்றிவிட்டுத் தனியார் பயணிகள் விமானத்துக்குப் போவது சரியா? விருதுநகர் மாவட்டத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஆபத்தான தொழிலில் தேர்ந்த கை விலகினால் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதைச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகள் அன்றாடம் பார்க்கின்றன.

2015 பிப்ரவரியில் விமானப் படையில் 486 விமானிகள் குறைவாக இருந்தனர். 2021 முடிவில் அந்தக் குறை 596 ஆனது என்கிறது தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை. மறுபக்கம், 2023இல் மட்டும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவற்றை ஓட்ட அனுபவசாலிகள் வேண்டும். கூடுதல் சம்பளம், அடிக்கடி இடமாற்றம் இல்லாத வீடு, பிள்ளைகளுக்கு ஒரே பள்ளி. இவற்றை விரும்புவது பேராசை அல்ல.

சட்டம் தன் பதிலைச் சொல்லிவிட்டது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு இடம் தருகிறது. வங்கி அதிகாரி பணிக்குத் தேர்வான விமானப் படை வீரர் ஒருவரின் வழக்கில், நினைத்தபோது விலகும் உரிமை படையில் சேர்ந்தவருக்கு இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் தடுக்கலாம் என்பது இதில் தெளிவு. போகிறவர் தவறு செய்கிறாரா என்பது வேறு கேள்வி.

தவறு என்பவர்கள் முதலில் பயிற்சிச் செலவைக் காட்டுவார்கள். அந்த வாதம் நிற்காது. குறுகிய காலப் பணியில் சேரும் விமானிகளை 14 ஆண்டுகளில் அரசே அனுப்பிவிடுகிறது. ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு வேண்டும் என்பதால் அவர்களுக்கு அதுவும் இல்லை. ஒருவரை 14 ஆண்டில் வழியனுப்பும் அரசு, நிரந்தரப் பணியில் உள்ள பக்கத்து இருக்கைக்காரரிடம் உன் கடன் ஆயுள் முழுக்கத் தீராது என்று சொல்வது நியாயமாகாது. மேலும், உயிரைப் பணயம் வைத்துப் பறப்பதால் அந்தக் கடன் அன்றாடம் அடைபட்டுக்கொண்டே வருகிறது. 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் போர் விமானம் விழுந்து அதன் விமானி உயிரிழந்தார். அது போர்க்களம்கூட அல்ல.

அப்படியானால் கடனே இல்லையா? உண்டு. அது கருவூலத்துக்கு அல்ல, காலியாகும் இருக்கையில் நாளை உட்காரப்போகிறவருக்கு. பட்டாசு ஆலையில் இது கண்கூடு. மருந்துக் கலவை அறையில் எதை எதோடு சேர்க்கலாம், எவ்வளவு மெதுவாகச் சலிக்க வேண்டும், எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்பது பழகிய கைக்குத் தெரியும். தீபாவளி நெருக்கத்தில் அந்தக் கை விலகி அங்கே புதியவரை நிறுத்தினால், ஆபத்து அலுவலகத்தில் இருப்பவருக்கு வருவதில்லை. அறைக்குள் இருப்பவர்களுக்கு வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் பற்றிய தீ ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டுபோயிற்று. இந்தத் தொழிலில் ஒரு தவறு எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இருந்தாலும் கலவைத் தொழிலாளி விலகுவதைக் குறை சொல்ல முடியாது. அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு வந்தவர் அல்ல, பிழைப்புக்கு வந்தவர். இரண்டாவது ஆளைப் பழக்கி வைக்காதது முதலாளியின் குற்றம். விமானி தேர்ந்து வந்தவர், உறுதிமொழி எடுத்தவர். எனவே அவர் பொறுப்பு கனமானது. அணி புதிய விமானத்துக்கு மாறும் நேரத்திலோ, இளைஞர்களைப் பழக்கும் பணியின் நடுவிலோ எழுந்து போவது தவறு. போர் மூண்டிருக்கும்போது போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் ஒப்புக்கொண்ட காலத்தை முடித்து, தாம் கற்றதை அடுத்தவர் கையில் ஒப்படைத்தவர் தலைநிமிர்ந்து போகலாம். தாம்பரத்தில் விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி இயங்குகிறது. அங்கே தேர்ந்து, பின் சில ஆண்டுகள் இளம் விமானிகளைப் பறக்கவைத்தவரிடம் இன்னும் என்ன பாக்கி என்று கேட்பது?

கடினமான இடம் இதுதான்: ஆள் பற்றாக்குறை என்றைக்கும் இருக்கிறது. அதையே காரணம் காட்டினால் விலகுவதற்கு அனுமதி ஒருநாளும் வராது. சிவகாசியில் முன்பணம் வாங்கியவர் அதை அடைக்க முடியாமல் ஒரே ஆலையில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2015இலேயே தெரிந்திருந்த குறையைப் போக்காத நிர்வாகம், அதன் சுமையை ஒரு தனிமனிதரின் மனச்சாட்சியில் ஏற்றக் கூடாது. மறுப்பதானால் எந்தத் தேதியில் விடுவிப்போம் என்பதை எழுத்தில் சொல்லி மறுக்க வேண்டும். சிவில் துறையிலேயே கேப்டன் வேலையை விடுவதற்கு ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும் என்பது 2017 முதல் விதி. படைக்கு அது இரண்டோ மூன்றோ ஆண்டாக இருக்கட்டும். முடிவு தெரிந்த காத்திருப்பை யாரும் தாங்குவார்கள்.

மூன்றாவது தரப்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பொதுப்பணத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்து தேறியவரை, அந்தச் செலவில் ஒரு பங்கும் ஏற்காமல் எடுத்துக்கொள்ளும் விமான நிறுவனங்கள்தாம் அவை. குறைந்தபட்சம், படை குறித்த தேதிவரை அந்த இடத்தை அவருக்காகக் காலியாக வைத்திருக்கலாம். அடுத்த மாதமே வந்து சேர் என்று ஆசை காட்டி, பாதி பழகிய இளைஞரைப் பயிற்றுநர் விட்டுவர வைப்பது, விலகும் விமானியின் தவறைவிடப் பெரிய தவறு.