எதற்குச் சமமாக?

கால்பந்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியும் எண்ணிக்கையைப் பற்றியுமே பேசுகிறார்கள். ஆஃப்சைடைக் கணினி சொல்லிவிடும். ஆண்கள் உலகக் கோப்பையில் 32 அணிகள் ஆடிய இடத்தில் 48 அணிகள் ஆடும். 2030இன் போட்டி மூன்று கண்டங்களில், 2034இன் போட்டி சவூதி அரேபியாவில். இவையெல்லாம் முடிவாகிவிட்ட சங்கதிகள். இவற்றைவிடப் பெரிய மாற்றமாக எனக்குப் படுவது பெண்கள் கால்பந்தின் வளர்ச்சிதான். 1991இல் சீனாவில் நடந்த முதல் உலகப் போட்டியில் 12 அணிகளே ஆடின. ஆண்களுக்கு 90 நிமிடம், பெண்களுக்கு 80 நிமிடம். 'உலகக் கோப்பை' என்ற பெயரைத் தரவும் மனம் வராமல் ஒரு மிட்டாயின் பெயரைக் கோப்பைக்கு வைத்தார்கள். 2031இல் பெண்கள் போட்டியிலும் 48 அணிகள் இருக்கும்.

இதைக் கொண்டாடலாம், நானும் கொண்டாடுகிறேன். ஆனால், கொண்டாட்டத்தின் நடுவே ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நாம் சமத்துவம் கேட்கிறோம். சரி, எதற்குச் சமமாக?

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுவோம். "பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்? பார்ப்பவர் கூடினால் பணமும் கூடும்" என்பது இன்றும் கேட்கிற வாதம். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில், பிரஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் அணி ஆடியபோது அரங்கில் இருந்தவர்கள் 53,000 பேர். இடமில்லாமல் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக் கூடாதெனத் தடை விதித்தது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம். ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது அந்தத் தடை. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை, பிரேசிலில் 1941 முதல் 1979 வரை இதே கதை. 1971இல் மெக்சிகோவில் ஃபிஃபாவின் அங்கீகாரம் இல்லாமலே பெண்கள் ஓர் உலகப் போட்டி ஆடினார்கள். அதன் இறுதியாட்டத்துக்கு ஆஸ்டெக்கா அரங்கில் ஒரு லட்சம் பேருக்குமேல் திரண்டார்கள்.

ஆக, கூட்டம் தாமதமாக வரவில்லை. கூட்டம் இருந்தபோது கதவைப் பூட்டினார்கள். அரை நூற்றாண்டு பூட்டி வைத்துவிட்டு, கல்லாவில் ஏன் காசு சேரவில்லை என்று கேட்பது நேர்மையாகாது. ஆண்களுக்கு 2022 உலகக் கோப்பையில் 44 கோடி டாலர் பரிசுத் தொகை. பெண்களுக்கு 2023இல் 11 கோடி. இந்த இடைவெளியைச் சந்தையின் தீர்ப்பு என்று சொல்லிவிட முடியாது, சந்தையிலேயே நுழைய விடாமல் வைத்திருந்ததன் விளைவு அது. 2022இல் அமெரிக்கப் பெண்கள் அணி, உலகக் கோப்பைப் பரிசுப் பணத்தை ஆண்கள் அணியும் தாங்களும் ஒன்றாகச் சேர்த்துச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தைப் போராடிப் பெற்றது. அதைச் சலுகை என்று சொல்ல மாட்டேன். வர வேண்டிய பாக்கி அது.

இதுவரை சிக்கலில்லை. சிக்கல் இனிமேல்தான்.

பந்தியில் நமக்குச் சம இடம் வேண்டும் என்று கேட்கிறோம். அந்தப் பந்தியில் என்ன பரிமாறப்படுகிறது? ஆண்கள் கால்பந்து இன்று அரசுகளும் முதலீட்டு நிதியங்களும் கழகங்களை வாங்கிப் போடும் களம். சட்டையில் சூதாட்ட நிறுவனங்களின் பெயர்கள். எட்டு வயதுப் பையன்களைப் பொறுக்கியெடுத்து, பதினெட்டு ஆவதற்குள் பெரும்பாலானோரைக் கழித்துவிடும் பயிற்சிக்கூடங்கள். கத்தாரில் அரங்குகளைக் கட்டியவர்கள் நம் ஊர்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன கூலித் தொழிலாளர்கள். 2025இல் ஒரு பெண் வீராங்கனை முதன்முறையாகப் பத்து லட்சம் பவுண்டுக்கு ஒரு கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினார். அந்தச் செய்தியைப் படித்ததும் மகிழ்ந்தேன். ஒரு பெண்ணுக்கு விலை வைத்ததை முன்னேற்றம் என்று மகிழ்கிறோமே என்றும் உறுத்தியது.

2024இல் சவூதியின் அரம்கோ எண்ணெய் நிறுவனம் ஃபிஃபாவின் பங்குதாரர் ஆயிற்று. 2027 பெண்கள் உலகக் கோப்பையும் அந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறது. அதை முறித்துக்கொள்ளச் சொல்லி, நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்முறை வீராங்கனைகள் அதே ஆண்டு ஃபிஃபாவுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்களின் உரிமையும் பூமியின் வெப்பமும் அவர்களின் காரணங்கள். மடலைப் படித்தபோது அவர்கள் பக்கம்தான் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன். ஆனால், அந்த நிலைப்பாட்டுக்குள் ஒரு பொறி இருப்பதும் எனக்குத் தெரிகிறது.

ஆண் சம்பாதித்தால் சாமர்த்தியம். பெண் கையில் நாலு காசு புரண்டால் மட்டும் "எப்படி வந்தது?" என்று கேட்பது ஊர் வழக்கம். ஆண்கள் நூறாண்டுகளாக எந்தப் பணத்தையும் கூசாமல் வாங்கினார்கள். பெண்களின் முறை வரும்போது பணத்தின் சாதகத்தைப் புரட்டிப் பார்க்கிறோம். விளையாட்டின் மனசாட்சியாக இருக்கும் பொறுப்பும் பெண்கள் தலையில் விழுந்தால், வீட்டைப் பெருக்குவது போல அது இன்னொரு கூலியில்லா வேலை. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் தேசியப் பட்டத்தை வென்றது. அந்த அணியின் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளர். இங்கே பந்தைத் தொடும் பெண்ணுக்கு அது விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட ஒரு காரணம். அவளிடம் போய், காசு வந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சவூதிப் பெண்களையும் எண்ணிப் பார்க்கிறேன். 2018 வரை அவர்களால் அரங்கில் உட்கார்ந்து ஒரு கால்பந்தாட்டம் பார்க்க முடியவில்லை. இன்று அங்கே பெண்களுக்கென்று லீக் இருக்கிறது. அதே 2018இல், பெண்கள் கார் ஓட்டும் உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் கைது செய்யப்பட்டார். சில வாரங்களில் கார் ஓட்டும் தடை நீங்கியது, அவர் சிறையிலேயே இருந்தார். கேட்டுப் பெற்ற உரிமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, மன்னர் மனமுவந்து தந்த பரிசாகவே அது இருக்க வேண்டும். அங்கே பந்து உதைக்கும் சிறுமியின் மகிழ்ச்சி பொய்யல்ல. அந்த மகிழ்ச்சியைப் படம்பிடித்து விற்பவர்களின் கணக்கும் பொய்யல்ல.

இங்கேதான் நான் ஒரு கோடு போட விரும்புகிறேன். கூலி வாங்குபவளையும் ஒப்பந்தம் போடுபவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. பொறுப்பு அதிகாரத்தின் அளவுக்குத்தான் இருக்க முடியும். யார் பணம் என்பதோடு, அந்தப் பணம் வந்த பிறகு வீராங்கனையால் "மாட்டேன்" என்று சொல்ல முடிகிறதா என்றும் கேட்க வேண்டும். என் அளவுகோல் அதுதான்.

அந்தச் சொல்லைப் பெண்கள் கால்பந்து ஏற்கெனவே பழகியிருக்கிறது. 2021 அக்டோபரில் அமெரிக்க லீக் ஆட்டங்களின் ஆறாவது நிமிடத்தில் வீராங்கனைகள் பந்தை விட்டுவிட்டு மைதானத்தின் நடுவில் தோள்கோத்து நின்றார்கள். ஒரு பயிற்சியாளரின் பாலியல் அத்துமீறல் பற்றிய புகார் காதில் விழ ஆறு ஆண்டுகள் ஆயின, அதற்காக ஆறாவது நிமிடம். 2023இல் உலகக் கோப்பையை வென்ற மேடையில் ஸ்பெயின் வீராங்கனை ஜெனி எர்மோசோவை அந்நாட்டுச் சங்கத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ் உதட்டில் முத்தமிட்டார். கோப்பை கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், இந்தத் தலைமை இருக்கும்வரை நாட்டுக்காக ஆட மாட்டோம் என்று அணியே அறிவித்தது. அவர் பதவி விலகினார். 2025இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

பெண்கள் இயல்பிலேயே நல்லவர்கள், அவர்கள் வந்தால் ஆட்டம் தூய்மையாகிவிடும் என்ற பேச்சை நான் நம்பவில்லை. அவர்கள் கொண்டுவருவது பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கற்ற ஒற்றுமை. அது குணமல்ல, பழக்கம். வசதி வந்தால் மறந்தும் போகலாம்.

உடல் பற்றியும் அப்படித்தான். 'சமம்' என்பது ஆண் உடலுக்கு அளவெடுத்த சட்டையை நாமும் மாட்டிக்கொள்வதல்ல. முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். 2023 உலகக் கோப்பையை லியா வில்லியம்சன், பெத் மீட், விவியன் மீடமா மூவரும் தவறவிட்டது அதனால்தான். ஆனாலும் காலணி முதல் பயிற்சி முறை வரை நெடுங்காலம் ஆண் உடலை வைத்தே வகுக்கப்பட்டன. ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர், கர்ப்ப காலத்தில் பிடிக்கப்பட்ட சம்பளத்துக்காகத் தன் கழகத்தின்மீது ஃபிஃபாவில் வழக்குத் தொடுத்து வென்றார். ஆட்டக்காரர் என்றாலே கருவுறாத உடல் என்று எழுதாமல் எழுதியிருந்த விதி அதனால் அசைந்தது. ஆண்களுக்குச் சமமாக மட்டும் கேட்டிருந்தால் அவருக்கு எதுவும் கிடைத்திருக்காது.

அதே வேளையில், யார் பெண் என்று அளக்கும் வாசலில் இப்போது பெண்கள் ஆட்டமே காவல் நிற்கிறது. ஜாம்பியாவின் பார்ப்ரா பாண்டா 2022 ஆப்பிரிக்கக் கோப்பையில் ஹார்மோன் அளவைக் காரணம் காட்டி ஆட விடப்படவில்லை. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் அவர்தான் அணித் தலைவி. "இந்த உடல் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது" என்ற 1921இன் வாக்கியத்தை, தடையைத் தாங்கியவர்களின் வாரிசுகளே இன்னொருத்தியிடம் சொல்வது எனக்கு வலிக்கிறது.

எனவே, 2050இல் பெண்கள் அரங்கில் எத்தனை லட்சம் பேர் உட்கார்வார்கள் என்பது எனக்கு முதல் கேள்வி அல்ல. பேறுகாலச் சம்பளம், புகாருக்குக் காது, ஒப்பந்தத்தில் ஒரு குரல், வேண்டாம் என்றால் நிற்கும் தொழிற்சங்கம் ஆகியவை அன்று ஊர் லீக்கில் ஆடும் பெண்ணுக்கும் இருக்குமா என்பதே கேள்வி. மூச்சுவிட நேரமில்லாத ஆட்டக் கால அட்டவணையைப் பற்றி ஆண் வீரர்களும் இப்போது வேலைநிறுத்தம் வரை பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தப் பெண்கள் வென்றெடுத்ததைப் பார்த்து, எங்களுக்கும் அதற்குச் சமமாக வேண்டும் என்று ஆண்கள் கேட்கும் ஒரு நாள் வரக்கூடும். சமத்துவம் என்ற சொல் அப்போதுதான் எனக்கு நிறைவாக ஒலிக்கும்.