தாகமும் பேராசையும்



சென்ற மாதம் நம் கடைக்குச் சாமான் வாங்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, "மாமா, 'கஸ்ஸில்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டது. நமது இங்கிலீஷ் கல்லாவுக்குப் போதுமேயன்றி அகராதிக்குப் போதாது. ஆகவே அகராதியைப் புரட்டினோம். பேராசையோடு அளவின்றிக் குடித்தல் என்று பொருள் கண்டிருந்தது. நம் தமிழில் மொடா என்றால் பெரிய பானை. 'மொடாக்குடி' என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினோம். மனிதனுக்கு ஏற்பட்ட இந்தச் சொல் மோட்டார் வண்டிக்கும் போய்விட்டது. பெட்ரோலை வீணே குடிக்கும் கார்களுக்கு அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு வரி விதித்தார்கள். அந்த வரியின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது.

அன்று லுஹருக்குச் சற்று முன் லாரியில் அரிசி வந்தது. மூட்டை இறக்கிய தொழிலாளி ஒருவர் அஞ்சடியில் நின்றபடியே பெரிய போத்தல் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். புதிதாகக் கற்ற வார்த்தை நம் நாவில் இருந்தது. "என்ன தம்பி, மொடாக்குடியாக இருக்கிறதே!" என்று சிரித்தோம். அவர் தலை குனிந்தார். விடியற்காலையிலிருந்து மூன்று கடைகளுக்கு மூட்டை இறக்கியும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க நேரமில்லை என்று உடன் வந்தவர் சொன்னார். நமக்கு வெட்கமாகிவிட்டது. இன்னொரு போத்தலை நீட்டினோம். "போதும் முதலாளி, அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் 'போதும்' என்ற சொல்தான் நம்மைச் சிந்திக்க வைத்தது. தாகித்தவனும் பேராசைக்காரனும் பார்வைக்கு ஒரே மாதிரி குடிக்கிறார்கள். அப்படியானால் குற்றம் எதில் இருக்கிறது? வேகத்திலா, அளவிலா?

திருக்குர்ஆனில் அல்வாகிஆ அத்தியாயத்தில், நரகவாசிகள் தாக நோய் கண்ட ஒட்டகங்களைப் போலக் குடிப்பார்கள் என்று வருகிறது. குடித்தும் தீராத தாகமே அங்கு வேதனையாகிறது. அல்பகரா அத்தியாயத்தில் தாலூத்தின் படை ஆற்றங்கரையில் சோதிக்கப்பட்டது. ஒரு கையளவு அள்ளிக் கொள்ள அனுமதி இருந்தது. ஆகவே அங்கும் தாகம் குற்றமாகவில்லை. அளவு சொல்லப்பட்ட பின்பும் நிறுத்த மாட்டாமற் போனதே குற்றமாயிற்று. ஒரு சிலரைத் தவிர மற்றவரெல்லாம் குடித்துவிட்டார்கள். ஜாலூத்தை வென்றதோ அந்தச் சிறு கூட்டமே.

ஆகவே 'போதும்' என்று சொல்ல இயன்றவன் தாகித்தவன். இயலாதவன் பேராசைக்காரன் என்று நாம் கருதுகிறோம்.

இந்த அளவுகோலை நம் மீதே வைத்துப் பார்த்தோம். 2020 பிப்ரவரி 7ஆம் தேதி சிங்கப்பூர் அரசாங்கம் கோவிட் அபாய நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியபோது, ஜனங்கள் அரிசிக்கும் மீக்கும் கடை கடையாக ஓடினார்கள். அன்று நம் கிட்டங்கியில் இருபது மூட்டை அரிசி இருந்தது. விலை ஏறட்டும் என்று இரண்டு நாள் அதை வெளியே எடுக்கவில்லை. சில நாட்களில் எல்லாக் கடைகளிலும் அரிசி நிறைந்துவிட, பழைய விலைக்கே விற்றோம். நஷ்டமில்லை என்று அன்று மனத்தைத் தேற்றிக் கொண்டோம். ஆனால் வெறுங்கையோடு திரும்பிய அண்டை வீட்டாருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? பதுக்கி வைப்பவன் பாவி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் அறியாதவரல்லவே! அன்று நமக்குத் தாகம் ஏதுமில்லை, இருந்தும் குடித்தோம். மொடாக்குடி என்ற பெயர் அந்தத் தொழிலாளிக்கல்ல, நமக்கே பொருந்தும்.

நாயகம் (ஸல்) அவர்கள் தண்ணீர் அருந்தும்போது பாத்திரத்தை விலக்கி மூன்று முறை மூச்சு விடுவார்கள். அந்த இடைவேளையில்தான் 'இது போதுமா?' என்று மனிதன் தன்னைக் கேட்டுக் கொள்ள முடியும். சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் போதும், விலைச்சீட்டை மாற்றும் போதும் வியாபாரிகளாகிய நாமும் ஒரு மூச்சு நிறுத்திப் பார்ப்போமாக. பிறர் குடிப்பதைப் பார்த்துச் சிரிக்குமுன் நம் கிட்டங்கியைத் திறந்து பார்ப்போமாக.

'போதும்' என்று சொல்லும் மனத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.