கொடுத்ததையே கொள்ளுதல்



திசைகளை வணங்கிநின்ற சிகாலன் என்னும் இளைஞனுக்கு, ஆறு திசைகளாவன மனித உறவுகளே என்று பகவன் புத்தர் உணர்த்தினார். தலைவன், ஊழியர் உறவும் அவற்றுள் ஒன்று. தலைவன் வலிமைக்கேற்ற வேலையும், உணவும் ஊதியமும், நோயில் பராமரிப்பும், ஓய்வும் அளித்தல் வேண்டும். ஊழியன் கொடுத்ததை மட்டுமே கொள்ளுதல் வேண்டும்.

சித்தூரின் மாங்கூழ் ஆலைகளிலும், திருப்பதியை அடுத்த கரகம்பாடியின் மின்கலத் தொழிற்சாலையிலும் நம் பிள்ளைகள் பொறுப்பான பதவிகளை நாடும் காலம் இது. ஒருவன் ஓர் ஆலையை நீங்கிப் போட்டி ஆலைக்குச் செல்லுங்கால் எதனை உடன் கொண்டு செல்லலாம்?

கல்யாணிலிருந்த செஞ்சுரி ஆலை, டயருக்குரிய நூல் செய்யும் முறையை, இரகசியம் காப்பதாக வாக்களித்து அயல்நாட்டுக் கம்பெனிகளிடம் பெற்றது. 1963-இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்து அங்கே பயின்ற மேற்பார்வையாளர் ஒருவர், 1964-இல் அதிக ஊதியத்திற்காகக் கோட்டாவிலிருந்த போட்டி ஆலையிற் சேர்ந்தார். ஒப்பந்தக் காலம் முடியுமட்டும் அத்தொழிலைப் பிறரிடம் செய்யலாகாதென விதித்த தடையை 1967-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆயினும், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, வேலையை விட்டபின் ஒருவனது பிழைப்பையே அடைக்கும் நிபந்தனை செல்லாதென்று 1980-இல் மற்றொரு வழக்கில் அந்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தம் தனித் தீர்ப்பிற் கூறினார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். “ஆசிரியனின் மூடிய கை என்னிடம் இல்லை என்றவரன்றோ புத்தர்? கல்வி மறுக்கப்பட்ட நாம் பிறர் இரகசியத்தை ஏன் காத்தல் வேண்டும்?” என்பீர்கள்.

பகவன் விரித்தது தமது கையை, பிறர் கையையன்று. உழைப்பால் நம் விரலிலும் அறிவிலும் ஊறிய திறமை நம்முடையது. அதனை எம்முதலாளியும் பறித்தல் தகாது. நம்பிக்கையால் ஒப்படைத்த சூத்திரமும், கணக்கும், வாடிக்கையாளர் பட்டியலும் நமக்குக் கொடுக்கப்பட்டவையல்ல, காக்கத் தரப்பட்டவை. அவற்றை எடுத்தேகுதல் இரண்டாம் சீலத்தின் மீறுதலே. அவ்வாறே, பசிக்கும் கூலி தந்து, விலகுவோனை வழக்கால் அச்சுறுத்தும் தலைவனும் தன் கடமை தவறியவனாவான்.

ஆதலின், நண்பர்களே, ஊதியம் உயருமிடம் செல்லுங்கள், அதிற் குற்றமில்லை. புறப்படுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஏடுகளைத் திருப்பிக் கொடுங்கள். வெறுங்கையோடு வாயிலைக் கடந்தவன் புதிய இடத்திலும் நம்பப்படுவான். இரகசியத்தைக் கொணர்ந்தவனையோ, வாங்கியவனே ஐயுறுவான்.

சாது! சாது! சாது!