கேட்க ஆளில்லாத இடத்தில்

டேவிட் ராபர்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் 1838-39 குளிர்காலத்தில் கெய்ரோவின் பள்ளிவாசல்களுக்குள் அமர்ந்து வரைய அனுமதி பெற்றார். நிபந்தனை இரண்டு: உள்ளூர் உடை உடுத்த வேண்டும், பன்றிமயிர்த் தூரிகையைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் அவர் கட்டுப்பட்டார். சுல்தான் கூரி பள்ளிவாசலின் உட்புறத்தை அவர் வரைந்த படத்தில் வளைவு ஓங்கி நிற்கிறது. அதன் கீழே மனிதர்கள் மிகச் சிறியவர்கள். பிறர் தொழும் இடத்தில் தன் அளவை உணர்ந்து நின்றவரின் பார்வை அது.

செஞ்சிக்கோட்டையில் உள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசலுக்குப் போகும்போதெல்லாம் அந்த நிபந்தனைகள்தான் நினைவுக்கு வரும். 1714-இல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனைப் போரில் வீழ்த்திய ஆற்காட்டு நவாப் 1717-18-இல் கட்டியது இது. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நான் போன நேரங்களில் தொழுவோர் யாரையும் கண்டதில்லை. வளைவுகளின் சுண்ணாம்புப் பூச்சு கறுத்திருக்கிறது. செருப்பைக் கழற்று என்று சொல்லவும் அங்கே ஆளில்லை. சிலர் செருப்புக் காலோடு ஏறுகிறார்கள், தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். இதே கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயிலுக்குள் இப்படி நுழைய அவர்களுக்கு மனம் வருமா?

கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் பணிவது பெரிதல்ல. கேட்க ஆளில்லாதபோது நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ அதுதான் நம் உண்மையான மரியாதை. வீட்டிலும் அப்படித்தான். தட்டிக்கேட்க முடியாத முதியவரிடம், எதிர்த்துப் பேசாத குழந்தையிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்தில் நம் தரம் தெரிந்துவிடும்.

செஞ்சிக்கு இது புதிய பாடமல்ல. ரங்கநாதரை வணங்கிய தேசிங்குக்காகத் தன் கல்யாணத்தையே விட்டு ஓடிவந்து உயிர்கொடுத்த முஸ்லிம் தோழனை இந்த வட்டாரத்தின் கதைப்பாட்டு இன்றும் கொண்டாடுகிறது. இருவரும் அவரவர் தெய்வத்தைத் தொழுதார்கள். ஒருவர் நம்பிக்கையை மற்றவர் மதித்தார். அப்படி மதிக்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் ஆணையிடவில்லை.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இனிக் கூட்டம் பெருகும். வருபவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: அந்தப் பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். உள்ளே போய், கைப்பேசியை எடுக்குமுன் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். சுவரில் உங்கள் பெயரை எழுதாதீர்கள்.