இரண்டு பேருக்கு ஒரு நாக்கு

1956-ம் வருஷம், நவம்பர் 18. மாஸ்கோவில் போலந்து தூதரகத்தில் விருந்து. மேற்கத்திய தூதர்கள் கையில் கோப்பையோடு நிற்கிறார்கள். உற்சாகமாகப் பேசிக்கொண்டே போன சோவியத் தலைவர் குருஷேவ், நடுவில் ஒரு வாக்கியத்தைப் போட்டார். அவருடைய மொழிபெயர்ப்பாளர் விக்டர் சுகோத்ரேவ் அதை வார்த்தை பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: 'உங்களைப் புதைப்போம்!'

அணுகுண்டு பயத்தில் இருந்த உலகத்துக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? அமெரிக்கப் பத்திரிகைகள் அலறின. குருஷேவ் சொல்ல வந்தது வேறு. 'முதலாளித்துவம் தானாகவே செத்துப்போகும். நாங்கள் இருந்து காரியம் பண்ணுவோம்' என்பது மாதிரி. 1963-ல் யூகோஸ்லாவியா போனபோது, 'மண்வெட்டியோடு வருவோம் என்றா சொன்னேன்? உங்கள் ஊர்த் தொழிலாளிகளே அந்த வேலையைப் பார்த்துக்கொள்வார்கள்' என்கிற தினுசில் அவரே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. சுகோத்ரேவ் செய்தது சரியா, தப்பா? அவர் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'உங்களுக்குப் பிறகும் நாங்கள் இருப்போம்' என்று கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். ஆனால், மாற்றுகிற உரிமையை அவருக்கு யார் கொடுத்தது?

யூஜின் நைடா என்ற அமெரிக்க அறிஞர் 1964-ல் எழுதிய புத்தகத்தில் மொழிபெயர்ப்பில் செய்யும் சரிக்கட்டல்களை மூன்றாகப் பிரித்தார். சேர்ப்பது, விடுவது, மாற்றுவது. இந்த மூன்றும் இல்லாமல் மொழிபெயர்ப்பே இல்லை என்பதுதான் விஷயம். நைடாவின் அக்கறை பைபிள் மொழிபெயர்ப்பில். அதில் அகராதி உண்டு, நண்பர்கள் உண்டு, அவகாசம் உண்டு. வாயால் மொழிபெயர்ப்பவருக்கு இருப்பதோ இரண்டு மூன்று விநாடி!

1945 நவம்பரில் ஆரம்பித்த நியூரம்பர்க் விசாரணையில் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என்று நாலு மொழி. பேசப்பேசவே ஹெட்போனில் மொழிபெயர்ப்பு வரும். பேசுகிறவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு, நிறுத்தச் சொன்னால் சிவப்பு விளக்கு. ஜெர்மனில் வினைச்சொல் பல சமயம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். நம் தமிழும் அப்படித்தானே? 'அவர்தான் பணத்தை எடுத்தார் என்று நான் போலீஸிடம் சொல்ல...' அடுத்து வருவது 'நேர்ந்தது'வா, 'வேயில்லை'யா? அதற்குள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாக வேண்டும். காத்திருந்தால் அடுத்த வாக்கியம் ஓடிவிடும். ஊகித்தால் ஒரு மனிதனின் கழுத்தில் கயிறு.

ஆக, சரிக்கட்டாமல் முடியாது. எங்கே, யாருக்காக என்பதுதான் கேள்வி.

ஒரு மாநாட்டில் பேச்சாளர் 'அதாவது, என்னன்னா, அதாவது' என்று இழுக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை வெட்டிவிட்டுச் சாரத்தைத் தருகிறார். சபாஷ், தரம் கூடிவிட்டது. அதே ஆள் மறுநாள் கோர்ட்டுக்குப் போகிறார். சாட்சி, 'வந்து... ஒரு பத்து மணி இருக்கும்னு... நினைக்கிறேன்' என்கிறார். இவர் 'இரவு பத்து மணி' என்று பளிச்சென்று சொல்கிறார். போச்சு! தயங்கிய சாட்சி உறுதியான சாட்சியாகிவிட்டார். நேற்றைக்குத் திறமை, இன்றைக்குப் பொய்சாட்சி. செய்த காரியம் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் இன்னும் சிக்கல். 1980-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பத்தின் 18 வயதுப் பையன் நினைவிழந்து வந்தான். வீட்டார் 'இன்டாக்ஸிகாடோ' என்றார்கள். கியூபா ஸ்பானிஷில் அதற்கு 'சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை' என்று அர்த்தம். டாக்டர்கள் போதை மருந்து என்று புரிந்துகொண்டார்கள். உண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கை கால் நான்கும் போய்விட்டது. முறையான மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவே இல்லை. பிறகு வழக்கு, வாழ்நாள் கணக்கில் 7.1 கோடி டாலர் வரை நஷ்டஈடு.

லண்டனில் ஒரு தமிழ்ப் பாட்டி டாக்டரிடம் 'உடம்பு சூடா இருக்கு' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் நர்ஸ் தெர்மாமீட்டரை எடுத்து வருவார். பாட்டி சொல்வது ஜுரம் அல்ல, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தணிகிற அந்தச் சூடு. இங்கே நடுவில் இருப்பவர் ஒரு வாக்கியம் சேர்த்துத்தான் ஆகவேண்டும். சேர்க்காவிட்டால்தான் தப்பு.

அந்த 'நடுவில் இருப்பவர்' பல சமயம் பத்து வயதுப் பேரனாக இருப்பதுதான் கொடுமை. வெளிநாடுகளில் குடியேறிய குடும்பங்களில் இது சகஜம். 'கட்டி இருக்கிறது, புற்றாக இருக்கலாம்' என்று டாக்டர் சொன்னால் அவன் பாட்டியிடம் என்ன சொல்வான்? 'ஒண்ணுமில்ல பாட்டி, சின்ன ஆபரேஷனாம்.' பிரியத்தில் செய்த கழித்தல். ஆனால், பாட்டி கையெழுத்துப் போடுவது அந்த வார்த்தையை நம்பித்தான். 2016-ல் வந்த ஓர் அமெரிக்க விதி, அவசர நேரம் தவிர ஆஸ்பத்திரிகள் குழந்தைகளை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

நம் ஊரில் இந்த நடு ஆளுக்கு 'துபாஷி' என்று பெயர். இரு மொழிக்காரர். புதுச்சேரியில் துய்ப்ளேக்குத் தலைமை துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் டைரி பிரசித்தம். துபாஷிகள் செல்வாக்காக வாழ்ந்தார்கள். இரண்டு பக்கமும் அவர்களை நம்பித்தான் பிழைத்தது, இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டது. காரணம் எளிது. அவர் என்ன சேர்த்தார், எதை விட்டார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அதனால் இந்தத் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறார்கள். பேசுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே சொல்வார். தன் சொந்த சந்தேகம் வந்தால் மட்டும், 'இது மொழிபெயர்ப்பாளர் கேட்பது' என்று அறிவித்துவிட்டுக் கேட்பார். பாட்டியின் 'சூடு' அப்படித்தான் போக வேண்டும். 'சூடு என்கிறார். எங்கள் வழக்கில் அது ஜுரமில்லை. அவரையே கேளுங்கள்' என்று இரண்டு பேருக்கும் தெரியச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

என் கட்சி இதுதான்: வெளியே சொல்லக்கூடிய சரிக்கட்டல் நியாயம், ஒளிக்க வேண்டியது அநியாயம். சுகோத்ரேவ் பக்கம்தான் நான் நிற்பேன். கரடுமுரடான அந்த வாக்கியம் வெளியே கிடந்ததால்தான், ஏழு வருஷம் கழித்தாவது அதைப் பற்றிப் பேச முடிந்தது. மெழுகிவிட்டிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

இதற்கு இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சமையலறையில் மனைவி சொன்னதைக் கூடத்தில் அம்மாவிடம் சொல்லும்போது நீங்களும் துபாஷிதான். அங்கே எத்தனை கழித்தல், எத்தனை மாற்றல்! சமாதானத்துக்காகத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, 'நான் சொன்னதாக என்ன சொன்னாய்?' என்று கேட்டால், உங்களால் அப்படியே திருப்பிச் சொல்ல முடியுமா? அடுத்த முறை வாயைத் திறக்கும் முன் இதை ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள்.